உணவு லேபிளின் மௌனம்

2024-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், ஜப்பானின் யோகோஹாமா நகரில் மகள் வீட்டில் ஏறத்தாழ மூன்று மாதங்கள் தங்கியிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன் நான். அங்கிருந்த பல்பொருள் அங்காடி ஒன்றில், கறிக் குழம்புக்கான மசாலாக் கட்டிகள் அடுக்கப்பட்டிருந்த வரிசையின் முன்னால் எழுத்தறியாதவனாக நின்றேன். கையில் எடுத்த அட்டைப் பெட்டியின் பின்புறம் முழுவதும் பொடியெழுத்துகள். ஒன்றும் விளங்கவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி அதை வாங்கி, வரிவரியாக விரலை ஓட்டிப் பார்த்தாள். "தாத்தா, இதுல முந்திரி இருக்கு. வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அவளுக்கு முந்திரிப் பருப்பு ஒவ்வாது. பிடிக்காது என்பதல்ல இதன் பொருள். ஒரு துண்டு உள்ளே போனாலும் உடலெங்கும் தடிப்பு எழும், உதடு வீங்கும், மூச்சுக்குழல் சுருங்கும், இரத்த அழுத்தம் சரியும். அனாஃபிலாக்ஸிஸ் எனப்படும் இந்த நிலையில் சில நிமிடங்களுக்குள் அட்ரினலின் ஊசி போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து நேரலாம். இத்தகைய குழந்தை உள்ள வீட்டில், உணவு உறையின் மேலுள்ள லேபிள் விளம்பரமோ அலங்காரமோ அன்று. அது ஒரு மருத்துவ ஆவணம்.

2024-இல் ஜப்பானுக்குச் சென்ற வெளிநாட்டினர் 3 கோடியே 68 லட்சம் பேர். அவர்களில் இந்தியர் மட்டும் 2 லட்சத்துக்கும் அதிகம். வேலைக்கும் படிப்புக்கும் சென்று அங்கேயே தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. ஆகவே, ஜப்பானிய லேபிளை எப்படிப் படிப்பது என்பது ஓரிரு குடும்பங்களின் கவலையாக மட்டும் இனி இருக்க முடியாது. அதைப் படிக்கக் கற்றுக்கொண்டபோது, நம் நாட்டு லேபிள்களைப் பற்றியும் சில கேள்விகள் என்னுள் எழுந்தன.

எட்டும் இருபதும்

ஒவ்வாமை விவரங்களைச் சட்டத்தின் மூலம் முன்னரே கட்டாயமாக்கிய நாடுகளுள் ஒன்று ஜப்பான். 2001 ஏப்ரலில், உணவுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் முட்டை, பால், கோதுமை, சோபா, நிலக்கடலை ஆகிய ஐந்தும் கட்டாயமாகக் குறிப்பிடப்பட வேண்டியவை ஆயின. சோபா என்பது, வட இந்தியர் விரத நாள்களில் உண்ணும் குட்டு மாவு எடுக்கப்படும் தானியம். ஆங்கிலப் பெயரில் கோதுமை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது கோதுமை இனமன்று. 2008-இல் இறாலும் நண்டும் கட்டாயப் பட்டியலில் சேர்ந்தன. 2023 மார்ச்சில் அக்ரூட் சேர்க்கப்பட்டது. ஆக, 2024-இல் கட்டாயமானவையாக இருந்தவை எட்டு.

இவை தவிர, 'குறிப்பிடுவது நல்லது' என்று அப்போது பரிந்துரைக்கப்பட்டவை இருபது. முந்திரி, பாதாம், எள், சோயா, கானாங்கெளுத்தி, சால்மன், கணவாய், வாழைப்பழம், ஆப்பிள், கோழியிறைச்சி, மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி, ஜெலட்டின் முதலியவை இதில் அடங்கியிருந்தன. 2024 மார்ச்சில் மட்சுடாகே என்னும் காளான் நீக்கப்பட்டு, மக்கடேமியா கொட்டை சேர்க்கப்பட்டது.

இப்பட்டியல்கள் ஊகத்தின் பேரில் எழுதப்பட்டவை அல்ல. உண்ட சிறிது நேரத்தில் ஒவ்வாமை ஏற்பட்டு மருத்துவரிடம் வந்தவர்களைப் பற்றி மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடு தழுவிய ஆய்வு நடக்கிறது. 2020 ஆய்வில், மரக்கொட்டைகள் கோதுமையைப் பின்னுக்குத் தள்ளி, முட்டைக்கும் பாலுக்கும் அடுத்த இடத்தைப் பிடித்தன. அக்ரூட் கட்டாயமானதற்கு இந்த மாற்றமே காரணம். மட்சுடாகேவால் பாதிக்கப்பட்டோர் காணப்படாததால் அது நீங்கியது. புள்ளிவிவரம் மாறினால் சட்டமும் மாறுகிறது என்பது பாராட்டுக்குரியது.

இந்த அக்கறைக்குப் பின்னால் துயரங்களும் உண்டு. 1988-இல் சப்போரோ நகரில், பள்ளியில் வழங்கிய மதிய உணவில் சோபா உண்ட சிறுவன் ஒருவன் இறந்தான். 2012 டிசம்பரில், டோக்கியோவை அடுத்த சோஃபு நகரில், பால் ஒவ்வாமை கொண்ட ஐந்தாம் வகுப்பு மாணவி, பாலாடைக்கட்டி கலந்த உணவைப் பள்ளியில் உண்டு உயிரிழந்தாள். 2014-இல் ஒவ்வாமை நோய்களுக்கென்றே ஜப்பான் ஓர் அடிப்படைச் சட்டத்தை இயற்றியது. 2015-இல் பள்ளி உணவுக்கான வழிகாட்டு நெறிகள் வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் புதிய உணவு லேபிள் சட்டமும் நடைமுறைக்கு வந்தது.

மௌனத்தின் இரு பொருள்கள்

எட்டுக்கும் இருபதுக்கும் இடையிலுள்ள வேறுபாடு வெறும் எண்ணிக்கை சார்ந்தது அல்ல என்பதை உணர எனக்குச் சில வாரங்கள் ஆயின. அது, லேபிளின் மௌனத்தை எப்படிப் பொருள்கொள்வது என்பது பற்றிய வேறுபாடு.

உறையிலிட்ட உணவில் கட்டாயப் பட்டியலிலுள்ள ஒரு பொருளின் புரதம் ஒரு கிராமுக்குச் சில மைக்ரோகிராம் அளவில் இருந்தாலும் குறிப்பிட்டாக வேண்டும் என்கிறது சட்டம். ஆகவே, லேபிளில் நிலக்கடலை பற்றிய பேச்சே இல்லையென்றால், அதில் நிலக்கடலை சேரவில்லை என்று பொருள். இங்கே மௌனம் ஒரு பதில்.

முந்திரியின் நிலை அப்படியில்லை. நாங்கள் அங்கிருந்தபோது அது பரிந்துரைப் பட்டியலில்தான் இருந்தது. லேபிளின் ஒவ்வாமை வரியில் முந்திரி இல்லையென்றால், அந்த உணவில் முந்திரி இல்லை என்றும் கொள்ளலாம். இருந்தும் உற்பத்தியாளர் சொல்லவில்லை என்றும் கொள்ளலாம். ஒரே வெற்றிடத்துக்கு நேரெதிரான இரண்டு பொருள்கள். அக்ரூட்டுக்கும் அப்போது இதே நிலைதான். சட்டம் வந்துவிட்டாலும், பழைய உறைகளை மாற்ற 2025 மார்ச் 31 வரை அவகாசம் தரப்பட்டிருந்தது.

பொறுப்புள்ள நிறுவனங்கள் பல, அப்போதிருந்த 28 பொருள்களுக்கும் கட்டமிட்ட அட்டவணையை உறையில் அச்சிட்டன. இருப்பவற்றுக்கு மட்டும் நிறமிட்டன. வேறு சில, 'இக்குறிப்பு 28 பொருள்களையும் கருத்தில் கொண்டது' என்றோ 'எட்டை மட்டும் கருத்தில் கொண்டது' என்றோ ஒரு வரி சேர்த்தன. அந்த ஒரு வரியின் மதிப்பு மிகப் பெரியது. தன் மௌனத்துக்கு என்ன பொருள் என்பதை லேபிளே சொல்லிவிடுகிறது. ஆனால், அப்படிச் சொல்ல வேண்டும் என்பது கட்டாயமில்லை.

பொருளியலில் இதற்கு ஒரு கோட்பாடு உண்டு. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை எப்படிப் பிழைபடுகிறது என்பதைப் பழைய கார்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் அகெர்லாஃப். அதற்காக 2001-இல், ஸ்பென்ஸ், ஸ்டிக்லிட்ஸ் ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1981-இல் சான்ஃபோர்ட் கிராஸ்மனும் பால் மில்க்ரோமும் தனித்தனியே எழுதிய கட்டுரைகள் இதற்கு ஒரு நம்பிக்கையான மறுபக்கத்தைக் காட்டின. சந்தையில் பத்து மாம்பழ வியாபாரிகள் இருக்கிறார்கள் என்று கொள்வோம். கல் வைத்துப் பழுக்க வைக்காதவர் அதை உரக்கச் சொல்வார். அவருக்கு அடுத்த தரத்தில் இருப்பவரும் தன்னால் முடிந்த உண்மையைச் சொல்லிவிடுவார். கடைசியில் வாய் திறக்காமல் இருப்பவர் யாரோ, அவரிடம்தான் மோசமான பழம் இருக்கிறது என்று வாங்குபவர் முடிவு கட்டுவார். ஆகவே எல்லாரும் பேசிவிடுவார்கள். சட்டமே தேவையில்லை என்பது அந்த வாதத்தின் எல்லை.

இதை நான் ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். இது பலிக்க மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்பதையும் சொல்லியிருக்கிறேன். தன் பொருளில் என்ன இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவர் சொல்வதை வாங்குபவர் புரிந்துகொள்ள வேண்டும். சொல்லாததை வாங்குபவர் சந்தேகிக்க வேண்டும். மூன்றாவது நிபந்தனையில் தவறியவன் நானே.

ஒரு ரொட்டிக் கடையில்

மூன்று வாரங்களில் லேபிள் பார்ப்பதில் எனக்குச் சற்றுத் தேர்ச்சி வந்திருந்தது. அதில் ஒரு பெருமிதமும் ஏற்பட்டிருந்தது. ஒரு மாலை, பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வரும் வழியில், ஒரு சிறிய ரொட்டிக் கடைக்குள் நுழைந்தோம். தட்டுகளில் அடுக்கிய ரொட்டிகளை இடுக்கியால் நாமே எடுத்துக்கொள்ளும் கடை. கறிக் குழம்பை உள்ளே வைத்துப் பொரித்த ரொட்டி ஒன்று சூடாக இருந்தது. அவள் ஆசையாகப் பார்த்தாள். தட்டின் முன் பெயரும் விலையும் மட்டுமே எழுதியிருந்தன. வேறெந்த எச்சரிக்கையும் இல்லை. வாங்கிக் கொடுத்துவிட்டேன்.

மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பது நம் வழக்கு. அன்று நான் அதைத்தான் பின்பற்றினேன். குருமாவில் முந்திரியை அரைத்து ஊற்றும் ஊரிலிருந்து போனவனுக்கு, கறிக் குழம்பில் முந்திரி இருக்கக்கூடும் என்பது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

வீடு சேர்வதற்குள் அவள் வாய் அரிக்கிறது என்றாள். படியேறும்போது வாந்தி எடுத்தாள். கழுத்தில் தடிப்புகள் எழுந்தன. மகள் ஒரு கணமும் தயங்கவில்லை. பையிலிருந்த அட்ரினலின் ஊசியைத் தொடையில் செலுத்திவிட்டு, 119-ஐ அழைத்தாள். அன்றிரவு மருத்துவமனையில் கண்காணிப்பில் இருந்துவிட்டு, மறுநாள் குழந்தை நலமாக வீடு திரும்பினாள். "உங்களுக்கு எப்படிப்பா தெரியும்" என்று மகள் ஆறுதல் சொன்னாள். தெரியாது என்பதே காரணமாக இருந்தால் ஆறுதல் கொள்ளலாம். கேட்கவில்லை என்பதுதானே உண்மை.

பின்னர் விசாரித்தபோது, அந்தக் கடை எந்த விதியையும் மீறவில்லை என்று தெரிந்தது. ஒவ்வாமை விவரம் கட்டாயம் என்பது உறையிலிட்டு விற்கும் உணவுக்கு மட்டுமே. உணவகத்தில் பரிமாறுவதற்கும், கடையிலேயே செய்து தட்டில் வைத்து விற்பதற்கும் ஜப்பானியச் சட்டத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. பெரிய உணவக நிறுவனங்கள் தாமாகவே அட்டவணை வைத்திருக்கின்றன. சிறிய கடைகளில் கேட்டால்தான் தெரியும். சோபா நூடுல்ஸும் கோதுமை நூடுல்ஸும் ஒரே கொதிநீரில் வேகும் கடைகளும் உண்டு. உறைக்குள் இருக்கும் மைக்ரோகிராமுக்குக் கணக்குக் கேட்கும் சட்டம், உறையில்லாத ஒரு கைப்பிடிக்குக் கணக்குக் கேட்பதில்லை. பாதுகாப்பு மிகுந்த நாட்டில் இருக்கிறோம் என்ற நினைப்பே இந்த இடைவெளியை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது.

எழுத்து என்னும் சுவர்

இரண்டாவது நிபந்தனை, சொல்வது புரிய வேண்டும் என்பது. ஜப்பானிய மொழியில் ஹிரகானா, கதகானா என்னும் இரண்டு ஒலியெழுத்து வரிசைகளும், சீனத்திலிருந்து வந்த கான்ஜி என்னும் சொல்லெழுத்துகளும் கலந்து எழுதப்படுகின்றன. முட்டையைத் 'தமாகோ' என்பார்கள். அதைக் கான்ஜியில் ஒரே எழுத்தாகவும் எழுதலாம், வேறு இரண்டு கான்ஜிகளாகவும் எழுதலாம், ஹிரகானாவில் மூன்று எழுத்துகளாகவும் எழுதலாம், கதகானாவிலும் எழுதலாம், ஆங்கிலத்தின் 'எக்' என்பதைக் கதகானாவில் ஒலிபெயர்த்தும் எழுதலாம். ஒரு பொருளுக்குப் பல உருவங்கள். ஒன்றை மனப்பாடம் செய்தவர் மற்றொன்றில் ஏமாறுவார்.

பாலுக்குரிய கான்ஜி வேறொரு வகையில் குழப்பும். லாக்டிக் அமிலத்தின் பெயரிலும், எண்ணெயையும் நீரையும் கலக்க உதவும் பால்மமாக்கியின் பெயரிலும் அதே எழுத்து வருகிறது. அவற்றில் பால் இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மறுபுறம், பாலிலிருந்து எடுக்கும் கேசீனின் பெயரில் அந்த எழுத்து இல்லை. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வரும் குறிப்பைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும். 'யாகிசோபா' என்ற பெயரில் சோபா இருக்கிறது. பொதுவாக அது கோதுமை நூடுல்ஸ்தான். சோயா சாஸின் பெயரில் கோதுமை இல்லை. வழக்கமாக அதில் கோதுமை உண்டு.

படிக்கும் முறையை மகள் எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். உறையின் பின்புறக் கட்டத்தில் 'கென்சைரியோமெய்' என்ற தலைப்பைத் தேட வேண்டும். அது மூலப்பொருள் பட்டியல். எடை மிகுந்தது முதலில் வரும். ஒரு சாய்கோட்டுக்குப் பிறகு வருபவை சேர்மானங்கள். இறுதியில் 'இச்சிபு நி' என்று தொடங்கி 'ஃபுகுமு' என்று முடியும் வரி இருந்தால், ஒவ்வாமைப் பொருள்கள் அனைத்தும் அங்கே திரட்டித் தரப்பட்டுள்ளன. அந்த வரி இல்லையென்றால், ஒவ்வொரு மூலப்பொருளுக்கும் பக்கத்திலுள்ள அடைப்புக்குறியைப் பார்க்க வேண்டும். அங்கேயும் ஒரு நுட்பம் உண்டு. ஒருமுறை குறிப்பிட்ட ஒவ்வாமைப் பொருளை, அடுத்த மூலப்பொருளில் மீண்டும் குறிப்பிடாமல் விடலாம். ஆகவே, பாதியில் படிப்பதை நிறுத்தக் கூடாது. பாதியிலிருந்து தொடங்கவும் கூடாது.

கைப்பேசியின் கேமரா மொழிபெயர்த்துத் தராதா என்று கேட்கலாம். தரும். ஆனால், வளைந்த பாட்டிலிலும் பளபளக்கும் நெகிழி உறையிலும் அது சில எழுத்துகளை விழுங்கிவிட்டு, மீதியை அழகான வாக்கியமாக்கித் தந்ததை நான் பார்த்திருக்கிறேன். விடுபட்டது என்ன என்பதை அது சொல்வதில்லை. அதுவும் ஒரு மௌனமே.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது வேறொன்று. ஜப்பானியத் தொடக்கப் பள்ளியில், ஆறு ஆண்டுகளில் 1,026 கான்ஜிகளைக் கற்பிக்கிறார்கள். எந்த எழுத்து எந்த வகுப்பில் என்பது வரையறுக்கப்பட்டுள்ளது. கோதுமைக்கான 'கொமுகி' என்பதன் இரண்டு எழுத்துகளும் முதல் இரண்டு வகுப்புகளில் வந்துவிடுகின்றன. முட்டைக்கான எழுத்தும் பாலுக்கான எழுத்தும் ஆறாம் வகுப்பில்தான் வருகின்றன. 'அடங்கியுள்ளது' என்னும் பொருள்தரும் 'ஃபுகுமு' என்பதன் கான்ஜி அந்த 1,026-இல் இல்லவே இல்லை; அதை நடுநிலைப் பள்ளியில்தான் கற்கிறார்கள். என் பேத்தி முந்திரியைக் கண்டுபிடித்தது, அது அயற்சொல்லாகக் கதகானாவில் எழுதப்பட்டதால்தான். பாலோ முட்டையோ ஒவ்வாத ஒரு ஜப்பானியச் சிறுமிக்கு, தன் உயிர் சார்ந்த எழுத்து பன்னிரண்டு வயதில்தான் பாடமாகிறது. லேபிள் என்பது அயல்நாட்டவருக்கு மட்டும் சுவராக இல்லை.

ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு பட்டியல்

மொழி தெரிந்தாலும் முடியாத சிக்கல் ஒன்று உண்டு. ஒவ்வாமைப் பட்டியல் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் கட்டாயப் பட்டியலில் 14 பொருள்கள் உள்ளன. கடுகும் எள்ளும் மீன் இனம் முழுவதும் அதில் அடங்கும். அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள் ஒன்பதாவதாகச் சேர்ந்தது. ஜப்பானில் மீன் என்ற பொது வகையே இல்லை. சால்மனும் கானாங்கெளுத்தியும் மட்டும் பரிந்துரைப் பட்டியலில் உள்ளன. கடுகு இல்லை. பார்லியும் இல்லை. ஆகவே, குளூட்டன் ஒவ்வாத ஒருவர், 'கோதுமை' என்ற எழுத்து இல்லை என்பதற்காக பார்லி சேர்ந்த மிசோவை நம்பி உண்ணக் கூடாது. தம் நாட்டுப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு அயல்நாட்டு லேபிளைப் படிப்பவர், அந்த லேபிள் கேட்டுக்கொள்ளாத கேள்விக்கு அதிலிருந்து பதில் எடுக்கிறார்.

பட்டியலை நீட்டுவது மட்டுமே தீர்வாகவும் இல்லை. அமெரிக்காவில் எள் சேர்க்கப்பட்டபோது, ஒரே ஆலையில் எள் கலவாமல் தூய்மை காப்பது செலவு மிகுந்தது என்று கருதிய சில ரொட்டி நிறுவனங்கள், வேண்டுமென்றே சிறிது எள் மாவைச் சேர்த்து, 'எள் உண்டு' என்று அச்சிட்டன. சட்டம் நிறைவேறியது, எள் ஒவ்வாதவருக்கு உண்ண ரொட்டி குறைந்தது. ஜப்பான் இன்னொரு வகையில் விவேகமாக நடந்திருக்கிறது. 'இருக்கக்கூடும்' என்ற மழுப்பலான வாசகத்தை அது அனுமதிப்பதில்லை. 'இதே ஆலையில் இறால் கலந்த பொருள்களும் தயாராகின்றன' என்று நடந்ததை நடந்தபடி சொல்லலாம். எல்லா உறைகளிலும் 'இருக்கக்கூடும்' என்று எழுதிவிட்டால், அந்தச் சொல் எதையும் சொல்லாத சொல்லாகிவிடும். அதுவும் மௌனத்தின் மற்றொரு வடிவமே.

படம் பேசும்

ஜப்பானுக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. 1964-இல் டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தபோது, ஜப்பானிய மொழி அறியாதவர்கள் எப்படி வழி கண்டுபிடிப்பார்கள் என்ற கேள்வி எழுந்தது. விளையாட்டுகளுக்கும் வசதிகளுக்கும் எளிய பட உருக்களை வடிவமைப்பாளர்கள் வரைந்தார்கள். ஒலிம்பிக் விளையாட்டுகளுக்கு முறையான படக்குறித் தொகுதி உருவானது அப்போதுதான். இன்று உலகெங்கும் அவசர வழிகளின் மேல் நாம் காணும், கதவை நோக்கி ஓடும் பச்சை மனிதனும் ஜப்பானியர் வரைந்து, பின்னர் சர்வதேசத் தரமானவனே.

நமக்கும் ஓர் அனுபவம் உண்டு. உணவு உறைகளின் மேல் சைவத்தையும் அசைவத்தையும் பிரித்துக் காட்டும் குறியை 2001-இல் இந்தியா கட்டாயமாக்கியது. ஜப்பான் ஒவ்வாமை விவரத்தைக் கட்டாயமாக்கிய அதே ஆண்டு. எழுதப் படிக்கத் தெரியாத என் உறவினர் பலர், பிஸ்கட் பொட்டலத்தைத் திருப்பிப் பச்சைப் புள்ளியைத் தேடுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சதுரமும் ஒரு வட்டமும் இத்தனை மொழிகளைக் கடந்து ஒரே செய்தியைச் சொல்லிவிடுகின்றன.

கட்டாயப் பொருள் ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் போதும். மையும் இடமும் கூடுதலாகத் தேவைப்படும் என்பது உண்மை. உறைகளைப் புதுப்பிக்கும் காலத்தில் சேர்த்தால் அந்தச் செலவு மிகச் சிறியது. படத்தை மட்டும் நம்பிப் பட்டியலைப் படிக்காமல் விடுவார்கள் என்ற மறுப்பிலும் நியாயம் உண்டு. அதனால்தான், படத்துடன் 'இக்குறிப்பு எந்தெந்தப் பொருள்களைக் கருத்தில் கொண்டது' என்ற வரியும் கட்டாயமாக வேண்டும் என்கிறேன். நிறுவனங்கள் தாமாகவே செய்யட்டும் என்று விட்டால் பலர் செய்வார்கள்; சிலர் செய்ய மாட்டார்கள். ஒவ்வாமை உள்ளவர்கள் வாங்குவோரில் சிறு பங்கினர் என்பதால், செய்யாதவருக்கு விற்பனை குறையாது. ஆனால் அந்தச் சிலரது மௌனம், மற்ற எல்லாருடைய மௌனத்தையும் ஐயத்துக்கு உள்ளாக்கிவிடும். சந்தை தானாகச் செய்யாது என்று தெரியும் இடத்தில்தான் சட்டம் தேவைப்படுகிறது. முந்திரியையும் கட்டாயப் பட்டியலுக்கு உயர்த்தும் நடவடிக்கையை ஜப்பானிய நுகர்வோர் விவகார முகமை தொடங்கியது நல்ல செய்தி. தட்டில் வைத்து விற்கும் உணவுக்கும் அந்தக் கவனம் நீள வேண்டும்.

நம் வீட்டு உறைகள்

ஊர் திரும்பியபின், வீட்டுச் சமையலறையில் இருந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். 2020-ஆம் ஆண்டின் லேபிள் ஒழுங்குமுறைகள், குளூட்டன் உள்ள தானியங்கள், ஓட்டுடலிகள், பால், முட்டை, மீன், நிலக்கடலையும் மரக்கொட்டைகளும், சோயா, சல்ஃபைட் ஆகியவற்றைக் கட்டாயமாக்கியுள்ளன. இங்கே முந்திரி மரக்கொட்டைகளுக்குள் அடங்கிவிடுவதால், 2024-இல் ஜப்பானை விட நாம் ஒரு படி முன்னே இருந்தோம். பெரிய உணவக நிறுவனங்கள் ஒவ்வாமை விவரம் தர வேண்டும் என்றும் நம் விதிகள் சொல்கின்றன. ஆனால், எள்ளும் கடுகும் அந்தப் பட்டியலில் இல்லை. மூலப்பொருள் வரிசையில் 'மசாலாப் பொருள்கள்' என்ற பொதுப்பெயருக்குள் கடுகு மறைந்துகொள்ளலாம். எண்ணெயிலும் பொடியிலும் எள்ளும், தாளிப்பில் கடுகும் இல்லாமல் ஒரு நாளும் கழியாத நம் சமையலில் இது சிறு விடுபடல் அன்று.

அதைவிடப் பெரிய ஒன்று மொழி. இந்திய விதிகளின்படி, லேபிள் விவரங்கள் ஆங்கிலத்தில் அல்லது தேவநாகரி எழுத்திலான இந்தியில் இருக்க வேண்டும். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்க்கத் தடையில்லை. சேர்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. தமிழ்நாட்டில் தயாராகி, தமிழ்நாட்டிலேயே விற்று, தமிழ் மட்டும் அறிந்த ஒரு தாய் தன் குழந்தைக்கு வாங்கும் தின்பண்டத்தின் மேல், அந்தக் குழந்தைக்கு ஆகாத பொருளின் பெயர் தமிழில் இல்லாமல் போகலாம். யோகோஹாமாவின் அங்காடியில் நான் நின்றது மூன்று மாதங்கள். அந்தத் தாய் தன் ஊர் மளிகைக் கடையில் நிற்பது வாழ்நாள் முழுவதும். எனக்காவது படித்துச் சொல்ல ஒரு பேத்தி இருந்தாள்.

உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதில் செய்யக்கூடியது கடினமானது அன்று. ஒவ்வாமை வரி ஒன்றை மட்டுமாவது, விற்கப்படும் மாநிலத்தின் மொழியிலோ பொதுவான படக்குறியிலோ கட்டாயமாக்கலாம். பச்சைப் புள்ளியைக் கொண்டுவந்த நாட்டுக்கு இது புதிய வித்தை அல்ல.

ஜப்பான் செல்லும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வாத பொருளின் பெயரை ஜப்பானிய மொழியில், அதன் பல எழுத்து வடிவங்களிலும் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தும் ஊசியும் எப்போதும் உடன் இருக்கட்டும். ஆம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டிய எண் 119. தட்டில் வைத்து விற்கும் எதையும் கேட்காமல் வாங்காதீர்கள்.

என் பேத்தி மேல் வகுப்புகளுக்குச் சென்றுகொண்டிருக்கிறாள். சென்ற வாரம் பேசியபோது, தான் இப்போது ரொட்டிக் கடையில் தானே கேட்டுவிடுவதாகவும், கடைக்காரருக்குத் தெரியவில்லை என்றால் வாங்காமல் வந்துவிடுவதாகவும் சொன்னாள். தகவல் இல்லாத இடத்தில் எதை அனுமானிக்க வேண்டும் என்று பல ஆண்டுகள் பிறருக்குக் கற்பித்த எனக்கு, அதை அவள்தான் கற்பித்தாள். ஆனால், அந்தச் சந்தேகத்தை நாள்தோறும் சுமக்க வேண்டிய பொறுப்பு ஒரு குழந்தையுடையதாக இருக்கக் கூடாது.